தவளைக்கு மில்லிமீட்டர் தெரியாது

போன வருடம் சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம் இடியோடு கொட்டித் தீர்த்தது. அன்று ராத்திரி வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏலாவில், அதாவது வயல்வெளியில், தவளைச் சத்தம் காதை அடைத்தது. டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மஞ்சள் ஏறிய பெரிய ஆண் தவளைகள், தொண்டைக்கு இரு பக்கமும் நீலப் பை புடைக்க, ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு வாரத்தில் வரப்போரம் முழுக்கத் தலைப்பிரட்டை.

அப்புறம் பதினெட்டு நாள் ஒரு பொட்டு மழை இல்லை. தண்ணீர் சுண்டிச் சேறாயிற்று. தலைப்பிரட்டைகள் தார் சொட்டியதுபோல அதில் ஒட்டிக் கிடந்தன. கொக்குகளுக்கு நல்ல வேட்டை.

அந்த மாதம் எங்கள் பக்கம் மழை வழக்கத்தைவிட அதிகம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பொய்யில்லை, அளவு சரிதான். பக்கத்து வயல்காரப் பெரியவரிடம் சொன்னேன். “மழ பெஞ்சா போதுமா மக்கா? தண்ணி நிக்கணும்லா” என்றார். நான் இவ்வளவு நீளமாக எழுதப்போவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

தமிழ்நாட்டில் வைகாசி பாதியில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாமழை என்று இரண்டு பருவமும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் நம் குமரி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், நெல் விளைந்ததும் அந்தக் கணக்கில்தான். தவளைக்கும் அதே கணக்கு. அதன் முட்டைக்கு ஓடு கிடையாது, மூச்சில் ஒரு பங்கு ஈரத்தோல் வழியாகத்தான் போகிறது. வயல் தவளைகள் பலவற்றின் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்துக் கரையேற ஒரு மாதமாவது ஆகும். ஒரே நாளில் இருபது சென்டிமீட்டர் கொட்டி மூன்று வாரம் காய்ந்தாலும், அதே மழை இருபது நாள் தூறினாலும் நம் பதிவேட்டில் கூட்டுத்தொகை ஒன்றுதான். தவளைக்கு ஒன்று சாவு, இன்னொன்று வாழ்வு.

“நுணலும் தன் வாயால் கெடும்” என்கிறோமே, அந்த நுணல் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற தவளைதான். மழை பெய்ததும் மேலே வந்து கத்தும், கத்துவதால் பிடிபடும். இப்போது அது கெடுவதற்குப் பிடிக்க ஆள்கூட வேண்டாம். பருவம் தப்பிய மழையை நம்பிக் கத்தினாலே போதும்.

வயல் தவளையாவது அடுத்த மழைக்கு இன்னொரு முறை முயலும். எனக்குப் பெரிய கவலை மலையில் இருக்கிறவற்றைப் பற்றித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் கட்டைவிரல் நகமளவு புதர்த்தவளைகள் ஏராளம். பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. இலையிலோ சருகுக்கடியிலோ முட்டையிடும், முட்டைக்குள்ளேயே முழு உருவம் எடுத்துக் குட்டித் தவளையாக வெளியே வரும். குளம் வேண்டாம், ஆனால் காற்றில் ஈரம் குறையக்கூடாது. மூடுபனி சில நாள் விலகினாலே முட்டை உலர்ந்துவிடும். வெப்ப மண்டல உயிர்களுக்கு இன்னொரு சிக்கல். குளிர்நாட்டுத் தவளை பனியையும் கோடையையும் பார்த்துப் பழகியது. வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் வாழ்ந்த நம்முடையதற்குத் தாங்கும் எல்லை குறுகல்.

காலநிலை மாறிச் சூடு கூடினால் மேலே ஏறலாமே என்பார்கள். எங்கே ஏற? எங்கள் பக்கத்து மகேந்திரகிரி மலை 1,654 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. வடக்கே போகலாம் என்றால் செங்கோட்டைக் கணவாய் குறுக்கே கிடக்கிறது. அதற்குத் தெற்கே ஒரு தவளை, வடக்கே அதன் பங்காளி வேறு இனம் என்று இலட்சக்கணக்கான வருடங்களாகப் பிரிந்து நிற்பவை இருக்கின்றன. அவ்வளவு காலம் தாண்டாத கணவாயை இந்த ஐம்பது வருடத்தில் தாண்டிவிடுமா? மலைத்தொடர் முடிகிற இடத்தில் இருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தவளைக்கு அது முட்டுச்சந்து.

போர்ட்டோ ரிக்கோவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மறக்காது. அங்கே கோக்கி என்று ஒரு சிறு தவளை, கத்துவதும் கோ-கீ என்றுதான். ஒரே மலைச்சாலையில் 1983-இல் அதன் குரலைப் பதிவு செய்தார்கள். 23 வருடம் கழித்து அதே சாலையில் மறுபடியும் பதிவு செய்தார்கள். குரல் கீச்சென்று ஆகி, நீளமும் குறைந்திருந்தது. உடம்பும் சிறுத்திருந்தது. அடிவாரத்துத் தவளைக்கு இருந்த குரல் மேட்டுக்கு ஏறிவிட்டது. கோஸ்டா ரிக்காவின் பொன்தேரைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. 1987-இல் ஆயிரத்துக்கு மேல் கூடியவை, 1989-இல் ஒன்றே ஒன்று, அப்புறம் யாரும் பார்க்கவில்லை. வறட்சியா, தோலைத் தின்னும் பூஞ்சையா, இரண்டும் சேர்ந்தா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

2023-இல் நேச்சர் இதழில் வந்த உலகக் கணக்கெடுப்பில் தவளை, தேரை போன்ற 8,011 இருவாழ்வி இனங்களைப் பார்த்திருக்கிறார்கள். அதில் 40.7 சதவீதம் ஆபத்தில். 2004-க்குப் பிறகு நிலைமை மோசமான இனங்களில் 39 சதவீதத்துக்குக் காலநிலை மாற்றமே முதல் காரணம்.

இதைச் சொன்னதும் “பார்த்தீர்களா, எல்லாம் கிளைமேட் சேஞ்ச்” என்று தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். குளத்தில் பாதியைத் தூர்த்தது கிளைமேட் சேஞ்சா? ஏலாவை மண்ணடித்துப் பிளாட் போட்டது? கால்வாய்க்கு இரண்டு பக்கமும் காங்கிரீட் பூசி, உள்ளே விழுந்த தேரை ஏற முடியாமல் வெயிலில் வேக விட்டது? வாழைத்தோப்பிலும் ரப்பர் தோட்டத்திலும் களைக்கொல்லி அடித்தது? ஆழமான குளமும் நிழலான கரையும் இருந்தால் பதினெட்டு நாள் வெயிலில் பாதித் தலைப்பிரட்டையாவது தப்பியிருக்கும். சூடு வெளியிலிருந்து வந்தது சரி, ஒதுங்க இடமில்லாமல் செய்தது நாம்தான்.

தேங்காய்க்குள் பருப்பில்லாவிட்டால்கூட “தேரை மோந்துவிட்டது” என்று பழிபோடுகிற ஊர் இது. தென்னைக்குச் சத்துப் போதாததற்குத் தேரை என்ன செய்யும், பாவம்.

இதை எழுதும்போது எங்கள் குளியலறையில் வாளிக்குப் பின்னால் ஒரு மரத்தவளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பங்குனி வெயில் ஆரம்பித்ததிலிருந்து இங்கேதான். உப்பை அள்ளிப் போடு, போய்விடும் என்று அம்மா சொல்கிறாள். சுற்றுவட்டாரத்தில் இப்போது ஈரமாக இருக்கிற ஒரே சுவர் இதுதான், அது எங்கே போகும்? நாங்கள்தான் இரண்டு வாரமாகக் கிணற்றடியில் குளிக்கிறோம்.