வீட்டோ போட்டதால் சாதி பார்ப்பது சட்டப்படி சரியாகிவிடாது

அண்ணா, அமெரிக்கக் கணினி நிறுவனமான சிஸ்கோ மீதான சாதிப் பாகுபாட்டு வழக்கைப் பற்றி, "சிஸ்கோ வழக்கை நீதிமன்றம் தள்ளிவிட்டது, கலிபோர்னியா ஆளுநரும் சட்டமூலத்தை நிராகரித்துவிட்டார், ஆகவே அங்கே வேலையிடத்தில் சாதி பார்ப்பது குற்றமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பாதிக் கதை.

2020 ஜூனில் அந்த வழக்கைப் போட்டது வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் கலிபோர்னியா மாநில அரசின் துறை. தலித் பொறியியலாளர் ஒருவரை இந்திய வம்சாவளி மேலாளர்கள் இருவர் சாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2023 ஏப்ரலில் அந்த இருவர் மீதான வழக்கைத் துறையே மீளப் பெற்றுக்கொண்டது. சாதிப் பாகுபாடு நடக்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. நிறுவனத்தின் மீதான வழக்கும் அதோடு முடிந்துவிடவில்லை.

அப்புறம் ஆளுநர் நியூசம். சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டமூலத்துக்கு 2023 அக்டோபரில் அவர் வீட்டோ போட்டது, அதாவது ஒப்புதல் மறுத்தது, உண்மை. ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு: பூர்வீகம், மதம் போன்றவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதை இருக்கும் சட்டமே தடுக்கிறது, ஆகவே புதிது தேவையில்லை. அனுமதி கொடுத்ததாக இதை எப்படி வாசிப்பது? அதே ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டுக்கு வெளிப்படையாகவே தடை போட்டுவிட்டது.

"இது இந்தியர்களின் தலைவலி, திருகோணமலையாருக்கு என்ன" என்ற வரிக்கு என்ன சொல்ல! உப்புவெளியிலிருந்து டொரண்டோ போன பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது முதலில் எதை விசாரிக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். டொரண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணைக்குழு 2023இலேயே சொல்லிவிட்டது, சாதிப் பாகுபாடும் தங்கள் சட்டத்துக்குள் வரும் என்று. அங்கே முறைப்பாடு போகும் இடம் மனித உரிமைத் தீர்ப்பாயம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்.