ஃபுல் சிக்னலாம்ல!

"சிக்னல் ஃபுல்லா இருக்குதுங்களே சார்."

இன்னொரு தடவை யாராவது என்கிட்ட இதைச் சொல்லட்டும், அப்புறம் இருக்கு.

லேஅவுட்ல கம்பத்துக்குக் கம்பம் வைஃபை பெட்டி (நோடு) மாட்டி, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவிப் போற மெஷ் போட்டு மாரடிக்கிறவங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்ல. பேவர் பிளாக்கைத் தோண்டக் கூடாதாம், அதனால கேபிள் வேண்டாமாம், எல்லாம் காத்துலயே போகணுமாம். போகுது. பகல்ல கேட் கேமரா ஜம்முனு ஓடும். ராத்திரி ஏழு மணி ஆச்சுன்னா, பாதி உள்ள நுழைஞ்ச கார் அப்படியே உறைஞ்சு நிக்கும். அடுத்த தடவை படம் அசையிறப்போ காரைக் காணோம், செக்யூரிட்டி அண்ணன் மட்டும் டீ குடிச்சிட்டிருப்பாரு.

இன்னிக்கு ஒருத்தர் சரி பண்ண வந்தாரு. எத்தனை மணிக்கு? மத்தியானம் ரெண்டுக்கு. ராத்திரி வர்ற பிரச்சினைக்கு! வந்தவரு கம்பத்துக்கு நேர் கீழ போய் நின்னாரு. போனைத் தூக்கினாரு. கற்பூரத் தட்டு காட்டுற மாதிரி நோடுக்கு ஒரு சுத்து சுத்தினாரு. கோடெல்லாம் நிறைஞ்சு நிக்குது. மூஞ்சியில என்ன ஒரு பூரிப்பு! "ஃபுல்லா இருக்குதுங்களே சார்."

ஏனுங்க, ஆண்டெனாவுக்கு அடியில போய் நின்னா ஃபுல்லா இல்லாம வேற எப்படி இருக்கும்? நான் கேக்குறது இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு. உங்க போனுக்கு எப்படி வருதுன்னு நான் கேக்கவே இல்லையே? பொறுமையா சொன்னேன். அவரும் பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு அடுத்த கம்பத்துக்கு நடந்தாரு. அடியில நின்னாரு. போனைத் தூக்கினாரு. "இங்கயும் ஃபுல்லுங்க."

லேப்டாப்பைத் திறந்து முந்தின ராத்திரி நோடு எழுதி வெச்ச பதிவைக் காட்டினேன். சிக்னல் மைனஸ் 61 டிபிஎம் (இந்த அளவுல எல்லாமே மைனஸ்லதான் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் ஜாஸ்தி). நல்ல நம்பர்தான், யாரு இல்லைன்னா? இரைச்சல் எங்க நிக்குது பாருங்க. மைனஸ் 95 பக்கம் கிடக்க வேண்டியது மைனஸ் 74க்கு ஏறியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மிச்சம் 13 டிபி. அதை வெச்சு நாலு கேமராவை எப்படி இழுக்கிறது? ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டுச் சொன்னாரு: "மைனஸ்ல போகுதுங்களே சார், அதான் பிரச்சினை."

மைனஸ். சரி.

இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு நானே கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன். பின் தெருவுல ஒரு வாட்டர் டேங்க் மேல யாரோ புதுசா வைஃபை பெட்டி மாட்டியிருக்காங்க. அது பேசுற அலைவரிசை, சேனல் 3. மூணு! 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாம நிக்கிறது 1, 6, 11 மட்டும்தான். எங்களுது 1. மகராசன் அவரும் 1க்கே வந்திருந்தாக்கூட பொறுத்துக்கலாம். ஒரு ரேடியோ பேசுறப்போ இன்னொண்ணு அதைக் கேட்டுட்டு, முடியிற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கும். வேகம் குறையும், ஆனா வேலை நடக்கும். 3ல உக்காந்தா 1க்கும் தொல்லை, 6க்கும் தொல்லை. அங்க பேசுறது இங்க பேச்சாவே கேக்காது, வெறும் இரைச்சல். இது போதாதுன்னு 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேற. மொத்தப் பட்டையே 83 சொச்சம், அதுல பாதியை ஒரே ஆள் வளைச்சுப் போட்டாச்சு. தெருவே வீட்டுக்கு வந்து கிரிக்கெட்டைப் போட்டதும் எங்க கேட்டுல கார் உறையுது.

"அப்ப 5 கிகாவுக்கு மாத்திறலாங்க." அடடா, எங்களுக்குத் தோணவே இல்ல பாருங்க! அந்த 5 கிகாவுல சேனல் 52ல இருந்து 144 வரைக்கும் ராடாருக்கு வழிவிடணும். ராடார் மாதிரி ஒரு துடிப்பு காதுல விழுந்தாப் போதும், 10 வினாடிக்குள்ள பெட்டி மூட்டையைக் கட்டணும், அரை மணி நேரம் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. ஓடிப் போற இடமும் அதே ரகம்னா, அங்க 60 வினாடி ஒட்டுக்கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கணும். பீளமேட்டுல ஏர்போர்ட் இருக்கு, வாஸ்தவம். ஆனா எங்க பெட்டி ஊர்ல எந்தத் துடிப்பைக் கேட்டாலும் ராடார்ங்குது. முதல் நோடு ஓடினா மத்ததெல்லாம் பின்னாலயே ஓடும். நடுவுல வேப்பமரம் வேற. மழையில இலை நனைஞ்சா 5 கிகா இன்னும் படுத்துக்கும். இதைச் சொன்னதுக்கு செக்ரட்டரி சார் கேட்டாரு, மரத்தை வெட்டிறலாமான்னு. பேவர் பிளாக்கைத் தொடக் கூடாதாம். முப்பது வருஷத்து மரத்தை வெட்டலாமாம்!

கடைசியில நம்மாளு தீர்ப்பு சொன்னாரு: "பவரை ஏத்தி விட்றேனுங்க." ஏத்துங்க. நாங்க ஏத்தினதும் பின் தெருக்காரர் ஏத்துவாரு, அப்புறம் நாங்க ஏத்துவோம். மழைக்கு ஒதுங்குற நாய்கூட ஃபுல் சிக்னல்ல இருக்கும், கார் மட்டும் கேட்டுலயே உறைஞ்சு நிக்கும்.

"ஆண்டெனாவையும் லேசா திருப்பிப் பாக்கலாங்க, ஏணி இருக்குங்களா?" நான் பதில் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள என் போனுக்கு மெசேஜ் வருது: தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எத்தனை ஸ்டார் தருவீர்கள்? சிரிப்பு வந்துருச்சு. அவருக்கும் வந்துருச்சு.

ஏணின்னதும்தான் ஞாபகம் வருது. மூணாவது கிராஸ் சார், தீபாவளிக்கு சீரியல் லைட் கட்டணும்னு வாங்கிட்டுப் போனீங்களே, பொங்கலும் போயிருச்சு. லைட்டு இன்னும் எரியுது, பாத்துட்டுதான் இருக்கேன். ஏணி எங்கங்க?