குரோமில் ஓடுதுல்ல, அப்புறம் என்ன?

ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசரில் சரியாக ஓடாத ஒரு பக்கத்தைப் பற்றிய டிக்கெட்டை, அதாவது பிழைப் புகாரை, எங்கள் ஆபீஸில் சரிசெய்யாமலே மூடிவிட்டார்கள். நேற்று போட்ட அதன் ஸ்க்ரீன்ஷாட்டுக்கு இன்பாக்ஸில் இவ்வளவு பேர் வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் ஆறுதல் சொன்னீர்கள். மீதிப் பேர் "விடுங்கண்ணா, ஒரு டிக்கெட்டுக்குப் போய் இவ்ளோ டென்ஷனா" என்றீர்கள். சரி, விடுகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விடுகிறேன்.

"குரோமில் வேலை செய்கிறது. குரோமில் திறக்கவும்." டிக்கெட்டை மூட எழுதிய காரணம் இவ்வளவுதான். பக்கத்தில் ஒரு சிரிப்பு எமோஜி. அந்த எமோஜிக்கு அப்புறம் வருகிறேன்.

பிழை என்ன என்று கேட்டவர்களுக்காக: வாடிக்கையாளர் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரு கட்டம். எழுதியவர் 'இன்புட் டைப் மன்த்' என்று, காலண்டரைக் காட்டும் பொறுப்பை ப்ரவுசரிடமே விடும் ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். குரோமில் அழகாக மாதக் காலண்டர் விரிகிறது. கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் அது வெறும் எழுத்துப் பெட்டி. பாவம் அந்த வாடிக்கையாளர் 'மார்ச் 2025' என்று அடிக்கிறார். சர்வருக்கு '2025-03' என்று வேண்டும். 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் திட்டுகிறது. எது தவறு என்று சொல்வதில்லை. இது ஃபயர்ஃபாக்ஸின் கோளாறு என்று தோன்றினால், மேக்கில் சஃபாரியைத் திறந்து பாருங்கள், அங்கேயும் இதே வெற்றுப் பெட்டிதான். மாதத்துக்கு ஒரு பட்டியல், வருடத்துக்கு ஒரு பட்டியல் வைத்தால் முடிகிற வேலை. டீ குடித்து வருவதற்குள் முடித்துவிடலாம்.

டிக்கெட்டை மூடிய பையனுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரை அவன் கண் முன்னால் ஒரே ஒரு ப்ரவுசர்தான் இருக்கிறது. எழுதுவது அதில், சோதிப்பது அதில், சாயங்காலம் கிரிக்கெட் பார்ப்பதும் அதில். டெவலப்பர் எதில் பார்க்கிறானோ அதில்தான் தளம் ஓடும். மற்றதில் ஓடினால் அது அதிர்ஷ்டம்.

இது புதுக் கதை இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001-ல். எல்லாப் பதிப்புகளும் சேர்த்து சந்தையில் 90 சதவீதத்துக்கும் மேல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கையில் இருந்தது. 7 வந்தது 2006-ல். நடுவில் ஐந்து வருடம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். பக்கத்தில் ஒரு பெட்டியை (டிவ்) இடது பக்கம் ஒதுக்கி (ஃப்ளோட்), அதே பக்கம் 10 பிக்சல் இடைவெளி (மார்ஜின்) கொடுத்தால் ஐஇ6 அதை 20 ஆக்கும். அதற்கு மருந்து 'டிஸ்ப்ளே இன்லைன்' என்ற ஒரு வரி. ஏன் என்று கேட்கக்கூடாது, மந்திரம் மாதிரி போட வேண்டும். என் அப்போதைய டீம் லீட், ஃபயர்ஃபாக்ஸில் பக்கம் சிதைகிறது என்று நான் காட்டியபோது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஐஇல ஓடுதுல்ல? அப்புறம் என்னப்பா?" பெயரை மாற்றிப் படியுங்கள். நேற்றைய டிக்கெட் அதுதான். மனிதர்கள் மாறிவிட்டார்கள், வசனம் மாறவில்லை.

தென்கொரியாவுக்கு நடந்ததையாவது படியுங்கள். 1990-களின் கடைசியில் தங்களுக்கென்று சீட் என்ற குறியாக்க முறையை உருவாக்கினார்கள். ப்ரவுசர்களில் அது இல்லாததால் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் என்ற கூடுதல் நிரல் வழியாக ஓட்டினார்கள். ஆக்டிவ்எக்ஸ் ஓடுவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும். விளைவு, அவ்வளவு வேகமான இணையம் வைத்திருந்த நாட்டில் பேங்க் வேலைக்கும் ஆன்லைன் ஷாப்பிங்குக்கும் ஜனங்கள் வருடக்கணக்கில் ஒரே ப்ரவுசரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அதை மூடியபோது அங்கே ஒரு எஞ்சினியர் கியோங்ஜு ஊரில் அதற்குக் கல்லறைக் கல்லே வைத்தார். 'மற்ற ப்ரவுசர்களை டவுன்லோடு செய்ய நல்ல கருவியாக இருந்தான்' என்ற பொருளில் வாசகம். எல்லோரும் பகிர்ந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

இப்போது வருவார்கள். "ஊரில் முக்கால்வாசிப் பேர் குரோம், மீதிக்கு ஏன் நேரத்தை வீணாக்கணும்?" ஐயா, அந்த மீதியில் ஐபோனும் இருக்கிறது. இந்தியாவில் ஐபோனில் குரோம் ஐகானைத் தட்டினாலும் உள்ளே பக்கத்தைத் திரையில் வரைகிற இஞ்சின் ஆப்பிளின் வெப்கிட். குரோமின் இஞ்சின் இல்லை. உங்கள் க்ளையண்டின் முதலாளி எந்த போனில் டெமோ பார்ப்பார் என்று நினைக்கிறீர்கள்?

"நான் எட்ஜ் வைத்திருக்கிறேன், பிரேவ் வைத்திருக்கிறேன், நானும் மாற்றுதானே?" இல்லை தம்பி. ஓபரா 2013-ல் சொந்த இஞ்சினை விட்டது. எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்குப் போனது. பிரேவ், விவால்டி எல்லாம் அதே அடித்தளம்தான். ஒரே மாவில் சுட்ட தோசைக்கு நாலு பெயர் வைத்தால் நாலு பலகாரம் ஆகிவிடாது.

"மொசில்லாவே கூகுள் காசில்தானே ஓடுது?" ஆமாம். ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காக வருகிற பணம்தான். 2020-ல் 250 பேர் அளவுக்கு வேலையை விட்டு அனுப்பினார்கள், நல்ல நல்ல ஆட்கள் போனார்கள். எனக்கும் கோபம் உண்டு. அதனால் என்ன செய்யச் சொல்கிறீர்கள், காசு கொடுக்கிறவனிடமே நேராகப் போய் உட்காரவா? மெமரி அதிகம் தின்கிறது என்பவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன். ஐம்பது டேப் திறந்துவைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

நான் ஃபயர்ஃபாக்ஸில் இருப்பது தியாகம் இல்லை. கன்டெய்னர் டேப் என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஜன்னலில் நீலத்தில் அட்மின், பச்சையில் வாடிக்கையாளர், ஆரஞ்சில் ஏஜென்ட் என்று மூன்று லாகினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். நம் டெஸ்டர்கள் இதற்காக இன்காக்னிட்டோ ஜன்னலோடு படும் பாட்டைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது. வீட்டில் விளம்பரத்தைத் தடுக்க யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி. குரோம் மேனிஃபெஸ்ட் 3 என்ற புது நீட்சி விதிகளுக்குப் போய் அதை அணைத்துவிட்டது, இங்கே முழுசாக ஓடுகிறது. ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது. சில தளங்கள் 'உங்கள் ப்ரவுசர் ஆதரிக்கப்படவில்லை' என்று வாசலிலேயே நிறுத்தும். ப்ரவுசர் தன் பெயரைத் தளத்துக்குச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியை குரோம் என்று மாற்றினால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்! அதாவது சோதித்துப் பார்த்து நிறுத்தவில்லை, சோதிக்கச் சோம்பல்பட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இதில் வேடிக்கை, குரோமின் யூசர் ஏஜென்ட் வரியே இன்றுவரை 'மொசில்லா/5.0' என்றுதான் ஆரம்பிக்கிறது.

அந்த எமோஜி. டிக்கெட்டோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். இன்று ஸ்டாண்டப் கூட்டத்தில் என் ஸ்க்ரீனைப் பகிர்ந்தபோது ஒரு குரல், "அண்ணா, இன்னும் ஃபயர்ஃபாக்ஸா?" என்றது. எல்லோரும் மியூட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். 'அண்ணா' என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் ஓரம் கட்டுகிறார்கள். ப்ரவுசரையா கேட்டார்கள்? வயதைக் கேட்டார்கள். புதிதாக வந்த எதையும் படிக்காமல் பழையதைப் பிடித்துத் தொங்குகிறவன் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். அதே பிள்ளைகள் சிஎஸ்எஸ்ஸில் சந்தேகம் வந்தால் ஓடிப்போய்ப் படிக்கிற எம்டிஎன் வழிகாட்டித் தளம் யாருடையது? மொசில்லாவுடையது. ரெஸ்யூமேயில் பெருமையாகப் போட்டுக்கொள்கிற ரஸ்ட் மொழி எங்கே வளர்ந்தது? மொசில்லாவில். அதெல்லாம் இனிக்கிறது, ப்ரவுசர் மட்டும் கசக்கிறது.

நாளைக்கு மொசில்லா கடையைக் கட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இதே ஆட்கள் ஆரஞ்சு நரிப் படம் போட்டு, 'என் முதல் ப்ரவுசர், மிஸ் யூ' என்று அழுகிற எமோஜியோடு பதிவு எழுதுவார்கள். தயவுசெய்து அதில் என்னை டேக் பண்ணாதீர்கள்.