‘கர்ப்பிணியை யாரும் அடிக்க மாட்டார்கள்’ என்பது உண்மையல்ல

“வயிற்றுப்பிள்ளைக்காரியை எந்தக் கணவனும் அடிக்க மாட்டான், செக்கப்பில் ‘வீட்டில் அடிக்கிறாரா’ என்று கேட்பதே குடும்பத்தைப் பிரிக்கத்தான்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

தேசிய குடும்பநல ஆய்வில் (2019-21), திருமணமான பெண்களில் 3.1 சதவீதம் பேர் கர்ப்பகாலத்தில் அடிபட்டதாகச் சொன்னார்கள். வெளியே சொல்லத் தயங்கியவர்கள் இதில் இல்லை. அந்த அடியால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று ஆபத்துகள் கூடுகின்றன.

சரி, ஏன் செக்கப்பில் கேட்க வேண்டும்? பல பெண்கள் தொடர்ந்து மருத்துவரைப் பார்ப்பது அப்போதுதான். வருகிற எல்லா நோயாளிகளிடமும் கேட்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2013 வழிகாட்டுதலில் சொல்லவில்லை. கர்ப்பகாலப் பரிசோதனையில் கேட்கலாம் என்கிறது, அதுவும் பயிற்சி பெற்றவர் தனிமையில் கேட்டு, உதவிக்கு வழிகாட்ட முடிந்தால் மட்டும். கணவரையோ மாமியாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது அவளுக்கே ஆபத்து. அப்படிக் கேட்காமல் இருப்பதே மேல்.

பிரிவதா, சேர்ந்து வாழ்வதா என்பது அவள் முடிவு. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி, கணவரைப் பிரியாமலே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181.