பூனைமேல் போட்ட பழி

(கறுப்புக் கார் ஒன்று நிழலில் நிற்கிறது. மருமகன் டார்ச் விளக்கை பானெட்டின்மேல் அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமனார் மெல்ல வந்து பக்கத்தில் நிற்கிறார்.)

மாமனார்: நன்றாக விடிந்த பிறகும் விளக்கு அடித்து எதைத் தேடுகிறீர்கள், மாப்பிள்ளை?

மருமகன்: கீறல்களைத்தான், மாமா. தேடுகிறேன் என்று சொல்வதே தவறு. அவையே கூட்டமாக வந்து நிற்கின்றன. வெளிச்சம் படும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டம் வட்டமாகத் தெரிகின்றன, பாருங்கள்.

மாமனார்: அது அடுத்த வீட்டுப் பூனையின் வேலை. இரவெல்லாம் இதன்மேல்தான் படுத்துக்கிடக்கிறது. நான் பலமுறை எச்சரித்துவிட்டேன்.

மருமகன்: யாரை?

மாமனார்: பூனையைத்தான். அதன் சொந்தக்காரரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

மருமகன்: பூனையின் நகம் பட்டால் மூன்று நான்கு கோடுகள் அருகருகே விழுமே தவிர, இப்படி வட்டமாக விழாதே, மாமா.

மாமனார்: அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தானே படுக்கிறது?

மருமகன்: இப்போது விளக்கை நகர்த்துகிறேன், பாருங்கள், வட்டமும் கூடவே நகர்கிறது. கீறல்கள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால்தான் நம் கண்ணுக்கு அது வட்டமாகத் தோன்றுகிறது.

மாமனார்: அப்படியானால் வட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை. இல்லாத ஒன்றுக்காக ஒரு வாயில்லா உயிரைப் பழித்துவிட்டோம். வாருங்கள், உள்ளே போகலாம்.

மருமகன்: வட்டம்தான் இல்லை, கீறல் இருக்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன். மேற்கூரையின் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த இடத்துக்குப் பூனையால் தாராளமாகப் போக முடியும். தரையில் நின்று துடைக்கிற கைக்குத்தான் எட்டாது.

மாமனார்: (கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு) நாள் தவறாமல் காரைத் துடைத்து வைப்பது ஒரு குற்றமா, மாப்பிள்ளை?

மருமகன்: துடைத்தது குற்றமில்லை, மாமா, கழுவாமல் துடைத்ததுதான். படிந்திருக்கும் தூசியில் நுண்ணிய மணல் இருக்கிறது. அதன்மேல் உலர்ந்த துணியை அழுத்தி இழுப்பது, உப்புத்தாளை எடுத்துப் பாசத்தோடு தடவிக்கொடுப்பதற்கு ஒப்பாகும்.

மாமனார்: மிருதுவான பழைய சட்டை அது. போகட்டும், பற்பசையைத் தேய்த்தால் கீறல் அடைபட்டுவிடும் என்கிறார்களே!

மருமகன்: கீறல் என்பது ஒரு பள்ளம், அதை அடைத்துச் சரிசெய்ய முடியாது, இரு கரைகளையும் பள்ளத்தின் அடிமட்டம்வரை இறக்கித்தான் சமமாக்க வேண்டும். பற்பசையிலும் தேய்க்கும் துகள்கள் உண்டு என்றாலும் அவை பல்லுக்காக அளவிடப்பட்டவை, இதற்காக அல்ல. நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது; வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதே அதுதான். அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்வரைதான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான்.

மாமனார்: (தலையைத் தடவிக்கொண்டு) என் தலையில் மிஞ்சியிருப்பதே அதைவிட அதிகம் என்பது ஆறுதலாக இருக்கிறது.

மருமகன்: ஆகவே ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுக்கிறோம், திருப்பிச் செலுத்த வழியில்லை. முதலில் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கையால் தேய்த்தே பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம். தடுக்கினால் ஆழம் அதிகம்.

மாமனார்: பானெட்டில் வழுக்குகிறது. கதவில்… ஒன்றே ஒன்று தடுக்குகிறது. இது கட்டாயம் பூனைதான்.

மருமகன்: மாமா, அந்தப் பழைய சட்டையில் பொத்தான்கள் இருக்கின்றனவா?

மாமனார்: ஒன்றுதான் இருக்கிறது. மற்றவை எப்படியோ உதிர்ந்துவிட்டன.

(சிறிது நேரம் இருவரும் கதவைப் பார்க்கிறார்கள்.)

மருமகன்: அதை அப்படியே விட்டுவிடுவோம். ஆழமான கீறலைத் துரத்திக்கொண்டு போனால் கிளியர் கோட்டையே தாண்டிவிடுவோம். பானெட்டை ஏற்கெனவே கழுவி, ஒட்டியிருந்த அழுக்கைக் கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் எடுத்துவிட்டேன். விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியதாக இருக்கக்கூடும் என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, நடுவே இன்னொரு டேப் ஒட்டிப் பாதியை மட்டும் தேய்ப்போம். மீதிப் பாதி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

மாமனார்: காம்பவுண்ட் என்கிற இந்தத் தேய்ப்புப் பசையைத் தாராளமாக ஊற்றட்டுமா?

மருமகன்: ஸ்பாஞ்சின்மேல் சிறுசிறு பொட்டுகளாக மூன்று வைத்தால் போதும். இரண்டு சாண் சதுரத்தைத் தாண்டாமல், நேர்கோட்டில் ஒரு முறையும் அதற்குக் குறுக்கே ஒரு முறையும் தேயுங்கள். இவ்வளவு அழுத்த வேண்டாம், மாமா. நாம் பள்ளம் தோண்டவில்லை.

(பத்து நிமிடங்கள் கழிகின்றன. மாமனாரின் கையிலிருந்து மைக்ரோஃபைபர் துணி தரையில் விழுகிறது. அவர் அதைப் பாய்ந்து எடுக்கிறார்.)

மாமனார்: விழுந்த வேகத்திலேயே எடுத்துவிட்டேன்.

மருமகன்: மணல் அதைவிட வேகம், மாமா. அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள்.

மாமனார்: ஆகா, என் முகம் தெரிகிறது! ஒரு கீறலும் இல்லை!

மருமகன்: இன்னும் மகிழ்ந்துவிடாதீர்கள். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய்ப்பசை கீறலை நிரப்பி மறைத்திருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நீர் கலந்து தெளித்துத் துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மை. (துடைத்து, விளக்கை அடித்துப் பார்த்து) பத்தில் ஏழு போய்விட்டன. மீதியை மென்மையான பாலிஷால் இன்னொரு சுற்றுத் தேய்த்துப் பார்க்கலாம். கைத்தேய்ப்புக்கு இதுவே நல்ல விளைவு.

மாமனார்: நேராக மெழுகைப் பூசியிருந்தால் கை வலி மிச்சமாகியிருக்குமே?

மருமகன்: மெழுகும் அதே மறைக்கும் வேலையைத்தான் செய்யும். சில முறை கழுவினால் கீறல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நலம் விசாரிக்கும். தேய்த்து முடித்த பிறகு, பாதுகாப்புக்காகப் பூசிக்கொள்வோம். நான் போய் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

(மருமகன் உள்ளே போகிறார். மதிலிலிருந்து பூனை குதித்து, பளபளக்கும் பாதியின்மேல் தூசிக் காலடிகளைப் பதித்தபடி நடந்து, தேய்க்காத பாதியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வாளியோடு திரும்பும் மருமகன், பழைய சட்டையும் கையுமாக மாமனார் பானெட்டை நோக்கிக் குனிவதைப் பார்த்துவிடுகிறார்.)

மருமகன்: மாமா!

மாமனார்: பதறாதீர்கள், மாப்பிள்ளை. பொத்தானைக் கழற்றிவிட்டேன்.