தட்டுக்குப் பெட்ரி பெயர், தட்டில் இருப்பதற்கு?

மகளிர் தினம் வந்தால் எங்கள் கடலோரப் பள்ளிகளிலும் மேரி கியூரி படம் சுவரேறிவிடும். பக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டைக்காரர், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், எனக்கும் பெருமைதான். ஆனால் பாம்பன், மண்டபம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஃபேனி ஹெஸ்ஸே என்பேன். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நியூயார்க்கில் பிறந்து ஜெர்மானிய மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸேயை மணந்தவர் ஃபேனி. 1881இல் கணவர் காற்றிலுள்ள நுண்ணுயிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றை வளர்க்க அன்று ஜெலட்டின்தான். வெயில் ஏறினால் அது இளகிவிடும். போதாக்குறைக்குச் சில நுண்ணுயிரிகள் அதையே தின்று நீராக்கிவிடும். நீ செய்யும் ஜெல்லி மட்டும் கோடையிலும் எப்படி நிற்கிறது என்று அவர் கேட்க, ஃபேனி சொன்ன பதில் ஜெல்லியை உறையவைக்கும் அகர். ஜாவாவில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து அறிந்துவைத்திருந்த சமையல் அது. அதை நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக்குக்குக் கணவர் எழுதினார். காசநோய்க் கிருமி பற்றிய கோக்கின் 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் அகர் போகிற போக்கில் வருகிறது, ஃபேனி வரவில்லை. அகர் ஊற்றும் கண்ணாடித் தட்டைப் பற்றி 1887இல் எழுதிய பெட்ரிக்கோ, 'பெட்ரி தட்டு' என்று தட்டே பெயர் சொல்லும் பிள்ளையாகிவிட்டது.

"சமையல் குறிப்புதானே சொன்னார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நுண்ணோக்கியில் தெரிந்ததைக் கணவரின் கட்டுரைகளுக்கு வரைந்து கொடுத்தவரும் ஃபேனிதான். வரையாமலே இருந்திருந்தாலும் என் கட்சி மாறாது. எது சூட்டைத் தாங்கும் என்று அடுப்படியில் தெரிந்துகொண்டால் அது அறிவில் சேராதா என்ன?

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்கக் காரணம் இருக்கிறது. அகர் கடற்பாசியிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் மூழ்கி எடுப்பவர்கள் பெண்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணில் கண்ணாடி. மூச்சுக்குக் கருவி எதுவும் கிடையாது. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்தப் பாசி, எந்தப் பிறைக்கு நீர் எப்படி இருக்கும், வேரோடு பிடுங்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. மாதத்தில் 12 நாட்கள்தான் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். 1986இல் வளைகுடாவின் தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு, அங்கே பாசிக்குப் போனால் குற்றம். பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தபோது பாராட்டினோம். அதோடு சரி.

விருது போதாது. தீவுகளைப் பற்றியும் பாசி வளர்ப்பைப் பற்றியும் முடிவெடுக்கும் கூட்டங்களில் இந்தப் பெண்களை விவரம் தெரிந்தவர்களாக உட்கார வைக்க வேண்டும். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்பவர்கள் யார் சொன்னது என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.