சுயவிருப்பத்துக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை

“மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டென்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது, 2022 நோபல் பரிசு அதற்குத்தான்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. ஆலன் அஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவரும் பரிசு பெற்றது, பின்னிப்பிணைந்த (அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புபட்ட) ஒளித்துகள்களில் பெல் சமனின்மை, அதாவது துகள்களின் பண்புகள் முன்பே நிர்ணயமாகி, ஒன்று மற்றதைத் தொலைவிலிருந்து பாதிக்காவிட்டால் அந்தத் தொடர்பு தாண்ட முடியாத வரம்பு, மீறப்படுவதைக் காட்டியதற்கும் குவாண்டம் தகவல் அறிவியலுக்கு வழிவகுத்ததற்கும். நோபல் பரிசு இணையதளத்திலேயே பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், துகளில் எதை அளப்பது என்ற தேர்வு அந்தத் துகள்களைச் சாராமல் சுதந்திரமாக நடக்கிறது என்பது அந்தச் சோதனைகளின் முன்அனுமானம், முடிவு அல்ல. தவிர, குவாண்டம் நிகழ்வுகள் தற்செயலானவை என்றே வைத்துக்கொண்டாலும், தற்செயல் வேறு, விருப்பம் வேறு. கதிரியக்க அணு எந்தக் கணத்தில் சிதையும் என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை. என் கையும் அப்படித் தற்செயலாக உயர்ந்தால், அதை என் முடிவு என்று எப்படிச் சொல்வது? தத்துவவாதிகளின் வழக்கு இன்னும் முடியவில்லை. தீர்ப்பு வந்துவிட்டதாகச் சொல்லும் அந்தச் செய்தியை, தயவுசெய்து, மேலும் அனுப்ப வேண்டாம்.